சுகர் மாத்திரை முழங்கால் ஜவ்வை வளர்க்குமா? (பழைய மருந்து, புது வேலை)

பாம்பன் மகன்:

வணக்கம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கேள்வி.

அம்மாவுக்கு 57 வயது. சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பாறை மேல் நின்று, முங்கி எழுந்து, ஈரச் சாக்கை இழுத்து வந்த கால். இப்போது வலது முழங்காலை மடக்க முடியவில்லை. "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள். சுகர் ஆறு வருடமாக இருக்கிறது. மெட்ஃபார்மின் 500, காலை ஒன்று, இரவு ஒன்று. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: சுகர் மாத்திரைதான் மூட்டு வலிக்கும் மருந்தாம், ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்துவிட்டார்களாம், ஜவ்வு திரும்ப வளருமாம். அம்மா உடனே "அப்ப இன்னும் ரெண்டு சேர்த்துப் போட்டுக்கவா?" என்கிறார்.

அடுத்தது மாமா. வயது 44. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ராடு வைத்து ஏழு மாதம் ஆகிறது, எலும்பு கூடவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில், எலும்பு பலவீனமான வயதானவர்களுக்குப் போடும் ஊசியைத் தினமும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். மாமாவுக்கு அந்த நோய் கிடையாது. வேறு நோய்க்கான மருந்தை இதற்குக் கொடுப்பது சரியா, இல்லை ஆஸ்பத்திரிக் கணக்கா?

தயவுசெய்து பிரண்டையில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே மூன்று வேளையும் பிரண்டைத் துவையல்தான்.

கட்டுவைத்தியர் பேரன்:

பிரண்டையில்தான் ஆரம்பிப்பேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. எங்கள் தாத்தா சாயல்குடிப் பக்கம் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டியே நாற்பது வருடம் ஓட்டினார். கூடியது நிறைய. கோணலாகக் கூடியதும் உண்டு, அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் தொடவே மாட்டார், மதுரைக்கு வண்டி பிடி என்பார். உன் மாமாவுக்குத் தோல் கிழிந்ததா? அதைச் சொல்லவில்லையே.

வெள்ளைக்கோட்டு:

மதுரையில் எலும்பு மருத்துவம் முதுகலை படிக்கிறேன், சொந்த ஊர் ஏர்வாடி. பேரன் கேட்டது சரியான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பிரச்சினையும் மாமாவின் பிரச்சினையும் ஒரே ஜாதி இல்லை. எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. முறிந்தால் ரத்தம் கட்டும், அதில் மென்மையான இணைப்பு உருவாகும், அது எலும்பாக மாறும், பிறகு வருடக்கணக்கில் தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளும். தழும்பு இல்லாமல் ஆறுகிற சில உறுப்புகளில் எலும்பும் ஒன்று. குருத்தெலும்பில், அதாவது நீங்கள் ஜவ்வு என்பதில், ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதிலுள்ள செல்கள் மிகக் குறைவு, மூட்டு நீரிலிருந்து ஊறி வரும் சத்தில் பிழைப்பவை. 1743லேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் லண்டனில், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும், தேய்ந்த முழங்காலில் பழையபடி அதை வளர்க்கும் மாத்திரை ஒன்றுகூட வரவில்லை.

ஆகவே எலும்புக்கு மருந்து என்றால், ஏற்கெனவே ஓடுகிற வண்டியைத் தள்ளிவிடுவது. குருத்தெலும்புக்கு மருந்து என்றால், இன்ஜினே இல்லாத வண்டியை ஓட்டப் பார்ப்பது.

தனுஷ்கோடி மணல்:

இதெல்லாம் சரி டாக்டரே. பத்து ரூபாய் மாத்திரையில் குணமாகும் என்றால் கம்பெனிக்காரன் ஏன் சொல்லப் போகிறான்? முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை யாருக்கு லாபம்? அதனால்தான் அமுக்குகிறார்கள்.

மாத்திரை அண்ணன்:

மணல் தம்பி, பாதி சரி. ராமநாதபுரத்தில் மருந்துக்கடை கல்லாவில் 28 வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். காப்புரிமை முடிந்த மாத்திரைக்குப் புது வேலை தேடிப் பெரிய ஆய்வு நடத்த எந்தக் கம்பெனிக்கும் ஆசை இருக்காது, அது உண்மை. அதனால் அந்த ஆய்வுகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் அரசு நிதியும்தான் நடத்துகின்றன, சின்னதாகத்தான் நடக்கின்றன. ஆனால் அமுக்குவது என்பது வேறு. நடத்தி, தோற்று, அந்தத் தோல்வியை வெளியிட்டதே ஏராளம்.

பழைய சாமானுக்குப் புது வேலை கொடுப்பது நம் துறையில் புதிதில்லை. நம் ஊர் உப்புத்தண்ணியில் பைப் உள்ளே காரை கட்டி அடைத்துக்கொள்ளும், தெரியும்தானே? அப்படிக் காரை கட்டாமல் தடுக்கத் தொழிற்சாலைகளில் தண்ணீரில் கலந்த பாஸ்பேட் சரக்குகள் உண்டு. நம் உடம்பிலும் அதே குடும்பத்துச் சரக்கு ஒன்று சுண்ணாம்பு படியாமல் பார்த்துக்கொள்கிறது என்று 1960களில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிஸ் விஞ்ஞானி கண்டார். அந்த வழியில் வந்தவைதான் இன்று எலும்பு பலவீனத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள். வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் போடுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். (வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இதை வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி என் தொண்டை போய்விட்டது.) பைப் காரையிலிருந்து இடுப்பு எலும்பு வரைக்கும் ஒரே நூல்.

பாம்பன் மகன்:

பைப் கதை பிரமாதம் அண்ணே. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அவர் கேள்வி: "பாசியை வேரோடு பிடுங்காமல் விட்டால் திரும்ப முளைக்குது. ஜவ்வு மட்டும் ஏன் முளைக்க மாட்டேங்குது?"

வெள்ளைக்கோட்டு:

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்டது என் தேர்வில் வரும் கேள்வி. எலும்பில் அந்த வேர் எப்போதும் இருக்கிறது. எலும்பைச் சுற்றியுள்ள சவ்விலும் மஜ்ஜையிலும் புது எலும்பு செல்லாக மாறக்கூடிய செல்கள் காத்திருக்கின்றன. குருத்தெலும்பில் அப்படிக் காத்திருப்பவை கிட்டத்தட்ட இல்லை. அடியிலுள்ள எலும்பில் சின்ன ஓட்டை போட்டு மஜ்ஜையைக் கசியவிட்டால் ஏதோ முளைக்கிறது, ஆனால் அது நார் கலந்த மட்டமான ஜவ்வு. கடல்பாசி வெட்டிய இடத்தில் கோரைப்புல் முளைத்த மாதிரி.

இப்போது மெட்ஃபார்மின். வாட்ஸ்அப் செய்திக்கு ஒரு வேர் இருக்கிறது. 2025ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. உடல் எடை அதிகமாக இருந்து, முழங்கால் தேய்மானமும் வலியும் உள்ள 107 பேர். பாதிப் பேருக்குத் தினம் 2000 மில்லிகிராம் வரை மெட்ஃபார்மின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, ஆறு மாதம். 100 புள்ளி அளவில் வலி மெட்ஃபார்மின் போட்டவர்களுக்கு 31 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 19. வித்தியாசம் 12 புள்ளிக்குள். கவனியுங்கள், வெற்று மாத்திரைக்கே 19 குறைந்திருக்கிறது.

இதில் அளந்தது வலி. ஜவ்வு வளர்ந்தது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. அதை யாரோ வழியில் சேர்த்துவிட்டார்கள்.

பாம்பன் மகன்:

அம்மா எடை 46 கிலோ. ஆறு வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார். அந்த ஆறு வருடத்தில்தான் முழங்கால் போனது.

வெள்ளைக்கோட்டு:

அதைத்தான் எழுத வந்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆய்வில் இருந்தவர்கள் அம்மாவைப் போன்ற ஆட்களே இல்லை. அவராக மாத்திரையைக் கூட்டக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் அளவை ஏற்றினால் ஆபத்து. நீண்ட நாள் போடுகிறவர்களுக்கு பி12 குறையும், அதனால் கால் எரிச்சல், மரத்துப்போதல் வரும். முழங்கால் வலி என்று சொல்வதில் அதுவும் கலந்திருக்கலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தைக் காட்டும் அளவு), பி12 இரண்டையும் பாருங்கள்.

கீழக்கரை காக்கா:

ஷார்ஜாவிலிருந்து. இங்கே எல்லோரும் எடை குறைய வாரம் ஒரு ஊசி போடுகிறார்கள், செமாக்ளூடைடு. என் முதலாளியின் முழங்கால் வலியே போய்விட்டது என்கிறார். அதுவும் சுகர் மருந்துதானே?

வெள்ளைக்கோட்டு:

ஆமாம் காக்கா, சுகருக்கு வந்து எடைக்குப் போன மருந்து. 2024ல் 407 பேரிடம், 68 வாரம், முழங்கால் தேய்மானத்தில் சோதித்தார்கள். வலி 42 புள்ளி குறைந்தது, வெற்று ஊசிக்கு 27.5. ஆனால் அவர்கள் எல்லோரும் உடல் பருமன் உள்ளவர்கள், சராசரியாக உடல் எடையில் 13.7 சதவீதம் இறங்கியது. முழங்கால் மேலிருந்த சுமை இறங்கினால் வலி குறையத்தான் செய்யும். உங்கள் முதலாளிக்கு அது பொருந்தும். 46 கிலோ அம்மாவுக்கு எடையைக் குறைக்கும் ஊசி போட்டால் தசையும் எலும்பும்தான் போகும்.

கீழக்கரை காக்கா:

முதலாளி 112 கிலோ. சரியாகத்தான் இருக்கிறது.

மாத்திரை அண்ணன்:

தோற்றவை ஏராளம் என்றேன் அல்லவா, அதைச் சொல்லாமல் விட்டால் மணல் தம்பி நம்ப மாட்டார்.

மலேரியா மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்: கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு இங்கிலாந்தில் 248 பேரிடம் ஒரு வருடம் பார்த்தார்கள். 2018ல் வந்த முடிவு: வெற்று மாத்திரையைவிட ஒரு இம்மியும் மேலில்லை. இன்றும் அதற்காகச் சீட்டு எழுதி வருகிறது.

வருடம் ஒரு தடவை ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம், எலும்பு பலவீனத்துக்கு நல்ல மருந்து. அது முழங்கால் ஜவ்வைக் காப்பாற்றுமா என்று 223 பேரை இரண்டு வருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். காப்பாற்றவில்லை.

டாக்ஸிசைக்ளின் கதை வேறு மாதிரி. அது கிருமிகளுக்கான பழைய மருந்து, கூடவே ஜவ்வை அரிக்கும் நொதிகளையும் அடக்கும். பருமனான 431 பெண்களிடம் 30 மாதம் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவது மூன்றில் ஒரு பங்கு மெதுவானது. பெண்களின் வலி? அப்படியேதான் இருந்தது. படம் நன்றாகிவிட்டது, ஆளுக்கு நன்றாகவில்லை. கிருமி மருந்தை வருடக்கணக்கில் விழுங்குவதில் உள்ள கெடுதல் தனி.

இதையெல்லாம் மிஞ்சியது ஃப்ளோரைடு. நம் மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே தண்ணீர் பரிசோதனை ஞாபகம் வரும், ஆனால் ஒரு காலத்தில் எலும்பைக் கெட்டியாக்க அதை மருந்தாகவே கொடுத்தார்கள். 1990ல் வெளியான அமெரிக்க ஆய்வு: 202 பெண்கள், நான்கு வருடம். முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகைத் தவிர மற்ற இடங்களில் எலும்பு முறிவு கூடியது! அடர்த்தி வேறு, உறுதி வேறு. உப்பு அரித்த கம்பியில் சிமெண்டை எவ்வளவு பூசினாலும் தூண் நிற்காது.

அதனால் என் கல்லாவுக்கு வந்து "இந்த மாத்திரை மூட்டுக்கு நல்லதாமே" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது நல்லாச்சு, வலியா, படமா, நடையா?

தனுஷ்கோடி மணல்:

சரி, அமுக்கினார்கள் என்றதை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் தெருவில் கால்வலிக்குப் பொட்டலத்தில் நாலு மாத்திரை மடித்துத் தருகிறார்கள். சாப்பிட்டால் மறுநாளே வலைக்குப் போகலாம். அது என்ன அண்ணே? அதுவும் பழைய மருந்துக்குப் புது வேலையா?

மாத்திரை அண்ணன்:

அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. குட்டியாக இருக்கும், டெக்ஸாமெத்தசோன். ஒன்று வலி மாத்திரை, ஒன்று அமில மாத்திரை, ஒன்று பெயருக்கு வைட்டமின். மறுநாள் வலைக்குப் போகலாம் என்பது உண்மைதான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு கரையும், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போவது நின்று பந்தே நொறுங்கலாம், சுகர் எகிறும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றி நிற்கும் மீனவருக்கு வலி மாத்திரை சிறுநீரகத்தில் போய் அடிக்கும். எலும்பை ஒட்ட மருந்து தேடுகிற இந்த இழையில் எலும்பைக் கரைக்கிற பொட்டலம் தெருவுக்குத் தெரு போகிறது. பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகத்தான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டைத் தேய்மானத்துக்கும் சோதித்து, 2024ல் 155 பேரிடம் வலி ஓரளவு குறைந்ததாக வந்தது. அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை செத்துப் போனவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

நண்டுக்கம்பெனி அக்கா:

மண்டபத்தில் நண்டுச் சதை பிரிக்கும் இடத்தில் வேலை. எங்கள் கழிவுத் தொட்டியில் போகிற ஓட்டிலிருந்துதான் மூட்டுவலிக்கு விற்கிற குளுக்கோசமைன் எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். அப்படியென்றால் நண்டு ஓட்டை அரைத்துக் குடித்தால் போதாதா?

வெள்ளைக்கோட்டு:

போதாது அக்கா, பல்தான் போகும். இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினை அமிலத்தில் உடைத்தால் குளுக்கோசமைன் வரும், அது உண்மை. ஆனால் 2006ல் 1,583 பேரிடம் பார்த்த அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட வலியை அது குறைக்கவில்லை. இறால் ஒவ்வாதவர்கள் டப்பாவைப் படித்துவிட்டு வாங்கவும்.

அதே ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானை அறுவை சிகிச்சையில் குருத்தெலும்புப் பள்ளத்தில் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். பாம்பன் மகனின் அம்மா எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளிலும் வேலை நடக்கிறது; ஆய்வகத்தில் குருத்தெலும்புச் செல்களை அந்தக் கூழ்மணிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். தட்டையான கண்ணாடியில் வைத்தால் அந்தச் செல்கள் தங்கள் சுபாவத்தை மறந்து நார் செல்லாக மாறிவிடும். ஆல்ஜினேட் மணிக்குள் உருண்டையாக இருந்தால் மறக்காது.

பாம்பன் மகன்:

இதை அம்மாவுக்கு வாசித்தேன். "அப்ப நான் எடுத்த பாசி யாரோ ஒருத்தர் ஜவ்வுக்குப் போகுது, எனக்குக் கிலோவுக்கு இவ்வளவுதான்" என்று விலையைச் சொல்லிச் சிரித்தார். விலையை இங்கே எழுதவில்லை, வெட்கக்கேடு.

நடந்துபார்:

தொண்டியில் இயன்முறை மருத்துவர். மருந்துப் பேச்சிலேயே போய்க்கொண்டிருக்கிறது, குறுக்கே வருகிறேன். அம்மாவின் தொடைத் தசையை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? வலிக்கிறது என்று நடக்காமல் இருந்தால் தசை சூம்பும், சூம்பினால் மூட்டில் சுமை கூடும், கூடினால் இன்னும் வலிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி பத்து எண்ணிக்கை நிறுத்துவது, காலையில் பத்து தடவை, மாலையில் பத்து தடவை. தரையில் குத்தவைத்துப் பாசி பிரிக்க வேண்டாம், ஒரு மணை போட்டு உட்காரட்டும். பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் மேலே அண்ணன் கேட்டாரே "நடையா?" என்று, அதற்கு இதுதான் பதில்.

பழைய பொருளுக்குப் புது வேலை என்றால் நம் ஊர் ஆளை விடலாமா? ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்குச் செய்த லேசான கூட்டுப்பொருளை வைத்து, போலியோவால் கால் பாதித்த குழந்தைகளுக்கு ஹைதராபாத்தில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் சட்டம், செய்ய வைத்தார். மூன்று கிலோவுக்கு மேலிருந்தது 300 கிராமுக்கு இறங்கியது. அங்கே அளந்தது குழந்தை ஓடுகிறதா என்பதை.

கட்டுவைத்தியர் பேரன்:

எல்லாம் சரி, அந்த மாமாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தோல் கிழிந்ததா இல்லையா?

பாம்பன் மகன்:

கிழிந்தது. கடல்தண்ணியும் பட்டது. கரைக்கு வர ஐந்து மணி நேரம்.

வெள்ளைக்கோட்டு:

அப்படியென்றால் ஊசியைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி: உள்ளே கிருமி இருக்கிறதா? காயத்தில் கசிவு, ராத்திரி வலி, ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (உள்ளே அழற்சி இருந்தால் ஏறும் அளவுகள்) ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீழ் இருக்கும் இடத்தில் எந்த ஊசியாலும் எலும்பு கூடாது. அடுத்து, ராடு அசைகிறதா? அந்த இடத்தில் முன்பக்கம் தோல்தான், சதை மூடாது. கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. ஏழு மாதம் கூடாமல் இருப்பது அங்கே அபூர்வம் இல்லை.

அந்த ஊசி டெரிபாராடைடு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் உள்ள 84 அமினோ அமிலக் கண்ணிகளில் முதல் 34. ஹார்மோன் எந்நேரமும் அதிகமாக இருந்தால் எலும்பு கரையும், தினம் ஒருமுறை மட்டும் ஏறி இறங்கினால் எலும்பு கட்டும். எலும்பு பலவீனத்துக்கு அமெரிக்காவில் 2002ல் அனுமதித்தார்கள். கூடாத முறிவுக்குக் கொடுப்பது மருத்துவரின் சொந்த முடிவு, பெட்டியில் அப்படி எழுதியிருக்காது. ஏமாற்று இல்லை, ஆனால் உறுதியும் இல்லை. மணிக்கட்டு முறிந்த 102 பெண்களிடம் 2010ல் பார்த்தபோது 20 மைக்ரோகிராமில் 7.4 வாரத்தில் கூடியது, வெற்று ஊசியில் 9.1 வாரம். இரட்டை அளவான 40 போட்டவர்களுக்கு 8.8, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் மருந்து கூடுதல் பலன் தராத விசித்திரம். அந்த முறிவுகள் எப்படியும் கூடக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் ஆயிரக்கணக்கில் செலவு. ஊசிப் பேனாவைக் குளிர்பெட்டியில் 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். கேளுங்கள், ஆனால் அதற்கு முன்: மாமா பீடி குடிப்பாரா?

பாம்பன் மகன்:

ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

வெள்ளைக்கோட்டு:

ஊசிக்கு முன் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், இந்த எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் காரணங்களில் புகை முதல் வரிசை. இலவசமும்கூட.

பாம்பன் மகன்:

மூன்று வாரம் கழித்து. அம்மாவுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் நின்றபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்பக்க இடைவெளி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கிரியேட்டினின் சரி. பி12 குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், பாத எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது. மெட்ஃபார்மின் அளவை மாற்றவில்லை. மணையில் உட்கார்ந்துதான் பாசி பிரிக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் "மகாராணி" என்கிறார்களாம்.

மாமாவுக்கு சி.ஆர்.பி. கூடுதலாக இருக்கிறது. கசிவு இல்லை, ஆனால் மதுரையில் உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்றது என்று சொல்லிவிட்டார்கள். ஊசி இப்போதைக்கு இல்லை. பீடியை நிறுத்தி 19 நாள். அதற்குப் பதிலாகப் புகையிலை போட்டுக்கொள்கிறார்.

மாத்திரை அண்ணன்:

தம்பி, புகையிலையிலும் அதே நிகோடின்தான்.

பாம்பன் மகன்:

இன்றைக்கே சொல்கிறேன் அண்ணே. மாமா புகையிலைப் பொட்டலத்தோடுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.